தட்டட்டியும் வட்டமும்

பனவடலிசத்திரம் வட்டாரத்தில் முப்பது நாற்பது வருடத்துக்கு முந்திய மாடி வீடு எதற்குள்ளாவது போக நேர்ந்தால், கூடத்து ஜன்னல் சட்டத்தின் மேல்மூலையைக் கொஞ்சம் கவனிக்கலாம். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்க வாய்ப்பு அதிகம். தச்சர் போட்டதாக இருக்காது. டிவி வந்த அன்று, படம் பார்க்கிற அவசரத்தில், காய்ச்சிய கம்பியாலோ திருப்புளியாலோ குடைந்த துளை. முதலில் அதன் வழியாக உள்ளே நுழைந்தது ஆன்டெனாவின் தட்டை ஒயர். அதைத் தொடர்ந்து கேபிள்காரரின் கறுப்பு ஒயர், அப்புறம் டிஷ் ஒயர். இப்போது நூல் போல ஒரு ஃபைபர் இழை. நான்கு தலைமுறை ஒயர்களுக்கும் ஒரே பொந்து.

நான்குக்கும் இன்னொரு பொதுக்குணம் உண்டு. நல்ல கட்டம் பார்த்துப் படத்தை நிறுத்தும்.

படம் நின்றதும் வீட்டார் என்ன செய்தார்கள், கோளாறு எங்கே என்று எப்படித் தேடினார்கள் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. யாரும் ஏடெடுத்து எழுதாத சரித்திரம். அதில் ஒரு வினோதமும் உண்டு. கருவி மேம்பட மேம்பட, கோளாறு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

சங்கரன்கோவிலிலிருந்து தேவர்குளம் வழியாகத் திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கிறது பனவடலிசத்திரம். வடலி என்றால் இளம்பனை. சத்திரம் என்றால் வழிப்போக்கர் தங்கிப்போகும் இடம். மாட்டுவண்டிக் காலத்தில் நினைத்த நேரத்துக்கு நினைத்த ஊர் போய்ச் சேர முடியாது. பிந்தி வருகிறவர் பிந்தி வருவார், முந்தி வந்தவர் காத்திருப்பார். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் வழியெங்கும் சத்திரங்கள். இந்தச் சத்திரம் என்கிற யோசனையை வாசகர் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் பிற்பாதியில் டிவிப் பெட்டிக்குள் இன்னொரு சத்திரம் வரப்போகிறது.

டிவிக்கு முன்னால் டூரிங் டாக்கீஸ். திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கிளம்பியதிலிருந்து, தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குச் சினிமா கூடாரம் வழியாகத்தான் வந்தது. 35 எம்எம் படச்சுருள் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துபோகும். பெரிய தியேட்டரில் இரண்டு புரொஜெக்டர் இருக்கும், ஒன்று முடிகிற நொடியில் மற்றது பிடித்துக்கொள்ளும். கொட்டகையில் பெரும்பாலும் ஒன்றுதான். சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கு போட்டாக வேண்டும், முறுக்கு விற்பவர் உள்ளே வந்தாக வேண்டும். ஒரே பிரின்டை இரண்டு தியேட்டர்கள் பங்கு போட்டுக்கொண்ட ஊர்களில் இன்னொரு வேடிக்கை. இங்கே ஓடி முடிந்த சுருள் சைக்கிளில் அங்கே போக வேண்டும். சைக்கிள் பஞ்சரானால் அந்தத் தியேட்டரில் திரை வெள்ளையாகிவிடும். "பெட்டி வரல" என்ற இரண்டே சொல்லில் விஷயம் முடிந்தது. விசிலடித்தவர்களுக்கும் அது விளங்கியது: சரக்கு வருகிற வேகத்தைவிடச் செலவாகிற வேகம் கூடிவிட்டது. படம் நிற்பதற்கான காரணங்களில் பாதி, இன்று வரைக்கும், அந்தப் பெட்டி வராத கதைதான்.

டிவி சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15. அந்த அலை தெற்கே எட்டவில்லை. 1984இல் நூறு வாட் சக்தியுள்ள சின்னச் சின்ன மறுஒளிபரப்பு நிலையங்களை தூர்தர்ஷன் நாடெங்கும் ஏறக்குறைய நாளுக்கொன்று என்ற வேகத்தில் நட்டது. ஒவ்வொன்றும் இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்துக்குத்தான் வெளிச்சம். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் கிராமங்கள் நிமிர்ந்து படம் பார்த்தது கொடைக்கானல் மலையில் சக்திவாய்ந்த கோபுரம் எழுந்த பிறகு. அதற்கும் முன்னாலேயே இந்தப் பக்கத்துத் தட்டட்டிகளில், அதாவது மொட்டை மாடிகளில், வேறொரு நாட்டின் படம் தெரிந்துகொண்டிருந்தது. 1982 பிப்ரவரியில் ஆரம்பித்த இலங்கையின் ரூபவாஹினி.

ரூபவாஹினி இங்கே தெரிந்ததற்கு நியாயமே கிடையாது. அதன் முதன்மைக் கோபுரம் நின்ற பிதுருதாலகால மலை 2,524 மீட்டர், இலங்கையின் உச்சி. ஆனால் பனவடலிசத்திரத்திலிருந்து நேர்கோட்டில் நானூறு கிலோமீட்டர். டிவி அலை ஏறக்குறைய நேராகப் போகும், பூமியோ வளைந்திருக்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து கிளம்பினாலும் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குள் அது தலைக்கு மேலே போய்விட வேண்டும். காப்பாற்றியது மன்னார் வளைகுடா. காற்று அடங்கிய நாட்களில் கடல்மேல் ஈரமான குளிர்ந்த காற்று கீழேயும், வெதுவெதுப்பான காற்று அதன்மேலேயும் அடுக்காகப் படிந்து, அலையை மேலே தப்பவிடாமல் வளைத்துக் கொண்டுவரும். அதனால் ஒரு நாள் கண்ணாடி போலத் தெரியும், மறுநாள் ஒன்றுமே இருக்காது. பெட்டியைத் திறந்து பார்த்துப் பிரயோசனமில்லை. பெட்டியில் கோளாறு இல்லை, வானிலையில்தான்.

ஆகவே இரண்டு திசைகள். தூர்தர்ஷனுக்கு ஆன்டெனா வடக்கே கொடைக்கானலைப் பார்க்க வேண்டும். ரூபவாஹினியின் கிரிக்கெட்டுக்கும் தமிழ்ப் படத்துக்கும் தென்கிழக்கே திரும்ப வேண்டும். ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடாவும் ஹிதெத்சுகு யாகியும் 1926இல் உலகுக்குச் சொன்ன அந்த அலுமினியக் குச்சி வரிசைக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு: தான் பார்க்கிற பக்கத்து அலையை மட்டுமே வாங்கும். ஜிஐ பைப்பைப் பிடித்துத் திருப்ப ஓர் ஆள் மேலே ஏறியாக வேண்டும். ஆனால் திருப்புகிறவருக்குப் படம் தெரியாது, படம் பார்க்கிறவருக்குத் திருப்ப முடியாது. நடுவில் முற்றத்தில் ஒரு சிறுவன்.

"தெரியுதா?"

"இல்ல!"

"இப்ப?"

"லேசாத் தெரியுது... ஆங், அங்ஙனயே விடு! போச்சி."

உலகத்தில் எத்தனையோ கோளாறு கண்டுபிடிக்கும் முறைகள் உண்டு. மூன்று பேரும் ஒரு பைப்பும் சேர்ந்த இந்த முறை அவற்றில் எதற்கும் இளைத்ததல்ல. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், உடனே ஒரு கேள்வி, உடனே ஒரு பதில். இன்று நெட்வொர்க் படிப்புக்குக் காசு கட்டிச் சேருகிறவர்களுக்கும் முதல் பாடம் இதுதான்.

அந்தக் காலத்துக் கோளாறு பேசவும் செய்தது. அலை பலவீனமானால் திரையில் பூச்சி பறந்தது. மலையிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பிய அலை பிந்தி வந்து சேர்ந்தால் ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் நிழல் முகம் ஒன்று ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் மோட்டார் ஓடினால் கோடு கோடாக வெட்டியது. விசைத்தறி ஓடும் சங்கரன்கோவில் போன்ற ஊருக்கு அது புதிதல்ல. தெருவில் டிவிஎஸ் 50 போனால் அதன் ஸ்பார்க் பிளக் திரையில் சரமாகப் புள்ளி வைத்துக்கொண்டே போகும். வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்பதைக்கூடக் காதும் திரையுமாகச் சேர்த்துச் சொல்லிவிடலாம். படம் கீழிருந்து மேலாக உருண்டால் பின்பக்கத்துத் திருகைத் திருக வேண்டும். குறியைப் பார்த்தே நோயைச் சொல்லும் நாட்டுவைத்தியர் போல, தெருவுக்கு ஒருவர் இருந்தார். சாலிடேர், டயனோரா என்று சென்னைப் பெட்டிகள் எதுவானாலும் அவருக்கு ஒன்றுதான்.

நிலையத்திலேயே கோளாறு என்றால் அதற்கும் அறிவிப்பு வரும். "தடங்கலுக்கு வருந்துகிறோம்." ஒரு அட்டை, கொஞ்சம் இசை. அந்த அட்டை செய்த உபகாரத்தை இப்போது யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. கோளாறு உங்கள் பக்கம் இல்லை, ஏணி போட வேண்டாம், ஆன்டெனாவைத் தொட வேண்டாம், போய்ச் சாப்பிடுங்கள் என்று அது கோடி வீடுகளுக்கு ஒரே நேரத்தில் சொன்னது. எங்கே கோளாறு என்பதில் பாதிக் கேள்வியை அது தானே தீர்த்துவைத்தது.

கோளாறு முதன்முதலாக வீட்டுக்குள் குடிவந்தது வீடியோ டெக்கோடு. கல்யாண வீட்டிலும் கோவில் கொடையிலும் வாடகைக்கு எடுத்து ராத்திரி முழுக்க மூன்று படம் ஓட்டிய காலம். 1976இல் ஜப்பானின் ஜேவிசி கொண்டுவந்த விஎச்எஸ் டெக்கின் உள்ளே 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று, நம் நாட்டு முறைக்கு நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும். அதன் ஓரத்திலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஹெட்தான் நாடாவிலிருந்து படத்தைப் படிக்கிறது. பத்து வீடு சுற்றி, மழைக்காலத்தில் பூஞ்சை பூத்த கேசட் ஒன்று போதும், ஹெட்டில் அழுக்கு அடைந்து திரை வெள்ளையாகப் பொங்கும். டெக்கை வாடகைக்கு விட்டவர் மூடியைக் கழற்றி, ஸ்பிரிட் நனைத்த தாளை உருளையில் ஒட்டிப்பிடித்து, விரலால் மெல்லச் சுற்றுவார். மேலும் கீழும் துடைத்தால் ஹெட் உடைந்துபோகும். பக்கவாட்டில் மட்டும்தான். கூட்டம் மொத்தமும் மூச்சுப் பிடித்து அவர் விரலையே பார்த்துக்கொண்டிருக்கும். கேசட் வேறு டெக்கில் பதிந்ததாக இருந்தால் படத்தின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டை நெளியும். அதற்கு டிராக்கிங் திருகு. இங்கேயும் குறிக்குக் குறி வேறு வைத்தியம்.

1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்தது. பின்னாலேயே ஊர் ஊராகக் கேபிள். தட்டட்டியில் ஏறும் வேலை கேபிள்காரருக்குப் போனது. கறுப்பு ஒயரில் போகப் போக அலை சோர்ந்துவிடும் என்பதால் வழியில் ஆங்காங்கே கம்பத்தில் ஆம்ப்ளிஃபயர் பெட்டி. அதற்கு அந்தந்தத் தெருவின் கரண்ட். இதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது: நம் வீட்டில் ஃபேன் ஓடும், லைட் எரியும், டிவி மட்டும் இருண்டிருக்கும். மூன்றாவது தெருவில் கரண்ட் போயிருக்கும். தமிழ்நாட்டில் 2008 முதல் சில வருடங்கள் நீடித்த மின்வெட்டுக் காலத்தில், நம் தெருவுக்குக் கரண்ட் வரும் நேரத்தில் அடுத்த தெருவுக்குப் போகும் என்பதால், சில வீடுகள் சீரியலின் முழு எபிசோடைப் பார்ப்பதே அபூர்வமானது. படம் நம் வீட்டுக்கு வருகிற வழியில் எத்தனை படிகள் உண்டோ அத்தனையும் உயிரோடு இருக்க வேண்டும் என்கிற பாடம் ஊர் முழுக்கப் பரவியது அப்போதுதான். 2006 செப்டம்பரில் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி தர ஆரம்பித்ததும், 2011இல் அரசு கேபிள் மாதம் எழுபது ரூபாய்க்கு வந்ததும், பாடம் படிக்கிற வீடுகளின் எண்ணிக்கையைப் பெருக்கின.

கோளாறு பூமியை விட்டே போன சந்தர்ப்பமும் உண்டு. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத்தகட்டு மின்வழங்கலில் பழுது ஏற்பட்டு, அதன் அலைபரப்பிகளில் பாதியை நிறுத்திவைக்க வேண்டி வந்தது. அதை நம்பியிருந்த சன் டைரக்ட் டிஷ் வீடுகளில் படம் போனது. நிறுவனம் மலேசியாவின் மீசாட்-3க்கு மாறியது. பழையது கிழக்கு 93.5 டிகிரியில் நின்றது, புதியது 91.5இல். வானத்தில் இரண்டு டிகிரி வித்தியாசம், தரையில் லட்சக்கணக்கான தட்டட்டிகளில் டிஷ்ஷைப் பிடித்துத் திருப்புகிற வேலை. மெக்கானிக் மேலே, வீட்டுக்காரர் முற்றத்தில், பிள்ளை டிவி முன்னால். "தெரியுதா?"

ஆனால் இந்தத் தடவை பதிலில் "லேசா" இல்லை. டிஜிட்டலில் படம் லேசாகத் தெரியாது. அலை ஒரு மட்டத்துக்கு மேலே இருக்கும்வரை குறையே இல்லாத படம். அதற்குக் கீழே இறங்கினால் முகம் கட்டம் கட்டமாகச் சிதறி உறைந்துவிடும். மழை கொட்டும்போது டிஷ்ஷில் படம் போவது இதனால்தான். அந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான், கனமழை அதைக் குடித்துவிடும். பூச்சியும் நிழலும் கோடும் காட்டிக்கொடுத்த காலம் அத்தோடு முடிந்தது.

இன்டர்நெட்டில் ஓடும் ஒலியும் படமும் இதற்கெல்லாம் முன்பே கிளம்பிவிட்டிருந்தன. அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து ரியல்ஆடியோ வந்தது 1995இல். கூடவே வந்தது "பஃபரிங்" என்ற சொல். டிவியோ போனோ வந்ததை வந்த கையோடு காட்டிவிடுவதில்லை. சில நொடிகளுக்கு வேண்டியதை முன்கூட்டியே வாங்கி உள்ளே ஓரிடத்தில் தங்கவைத்து, அங்கிருந்து வரிசை குலையாமல் அனுப்புகிறது. முந்தி வந்த தரவுப் பொட்டலம் காத்திருக்கும், பிந்தி வந்தது ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். பனவடலியில் இருந்ததும் இந்தச் சத்திரம்தான். சத்திரத்தில் ஆள் தீர்ந்தால் திரையின் நடுவில் வட்டம் சுற்றும்.

இந்த வட்டம் இருக்கிறதே, இது ஊமை. ரவுட்டர் தூரமாக இருந்தாலும் இதே வட்டம், ஒயரை எலி கடித்தாலும் இதே வட்டம், ஹார்டு டிஸ்க் தூங்கினாலும், படம் அனுப்பும் சர்வருக்கு மூச்சு வாங்கினாலும் இதே வட்டம்தான். பத்து நோய்க்கு ஒரே குறி.

சர்வர் வீட்டுக்குள் வந்த கதை குறுகியது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்ட சிலர் 2002 வாக்கில் எழுதிய மென்பொருளில் அது தொடங்குகிறது. எக்ஸ்பிஎம்சி என்று வளர்ந்து, 2014இல் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டது அதுதான். 2008இல் அதிலிருந்து கிளை பிரிந்தது பிளெக்ஸ். எம்பி என்கிற இன்னொரு சர்வர் 2018இல் தன் மூலநிரலை மூடிக்கொண்டதும், கோபித்துக்கொண்டவர்கள் பிரித்து வளர்த்ததுதான் ஜெல்லிஃபின். பிளெக்ஸ், எம்பி, ஜெல்லிஃபின் மூன்றும் செய்கிற காரியம் ஒன்றே. வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரோ ராஸ்பெரி பை என்கிற உள்ளங்கை அகலக் குட்டிக் கம்ப்யூட்டரோ இருந்தால், அதில் ஒரு ஹார்டு டிஸ்க்கைச் சொருகி, கல்யாண வீடியோவும் எம்ஜிஆர் படமும் ரூபவாஹினிக் காலத்து கேசட்டிலிருந்து மாற்றிய கொடை விழாவும் ஏற்றிவைத்து, எந்த அறையிலிருந்தும் பார்க்கலாம். சுருங்கச் சொன்னால், கொடைக்கானல் கோபுரம் அலமாரிக்குள் வந்துவிட்டது. 2020இல் ஊரடங்கின்போது மென்பொருள் வேலைக்காரர்கள் மடிக்கணினியோடு கிராமத்துக்குத் திரும்பிய பிறகு, தென்காசிப் பக்கத்து வீடுகளுக்கும் இந்தச் சங்கதி அந்நியமில்லை.

கோபுரம் வீட்டுக்குள் வந்தால் தடங்கலும் வீட்டுக்குள்தான். வருந்துகிறோம் என்று அட்டை காட்ட ஆளில்லை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சர்வர் கூடத்து அலமாரியில், டிவி பின்பக்கத்து அறையில். மகன் சென்னையிலோ தோஹாவிலோ. பெரியவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு படம் போட்டால் இருபதாவது நிமிடம் வட்டம் சுற்றுகிறது. வீட்டார் சொல்லும் முதல் காரணம், "நெட்டு ஸ்லோ." அது அநேகமாகத் தப்பு. படம் வீட்டு டிஸ்க்கிலிருந்து வீட்டு டிவிக்குத்தான் போகிறது, ஊர் எல்லையைத் தாண்டவில்லை. வெளியிலிருந்து வரும் ஃபைபரைக் கழற்றிவிட்டு டிஸ்க்கிலுள்ள படத்தைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போதும் நின்றால் திருடன் வீட்டுக்குள்தான்.

அடுத்த வாதம் கொஞ்சம் கூர்மையானது: "யூடியூப் நல்லாத்தான ஓடுது?" ஓடும். அங்கே ஒரு தந்திரம் இருக்கிறது. ஒரே படத்தை ஐந்தாறு தரத்தில் வெட்டிவைத்திருக்கிறார்கள். வழி நெருக்கடியானால் கேட்காமலேயே தரத்தைக் குறைத்து அனுப்புவார்கள். 2020 மார்ச்சில் நாடே வீட்டில் அடைந்து கிடந்தபோது, செல்போன் இணைப்புகளில் எல்லாப் பெரிய தளங்களும் தரத்தை 480க்கு இறக்க ஒப்புக்கொண்டதே, அதுவே இதன் பெரிய உருவம். வீட்டு சர்வருக்கு இந்தச் சூது தெரியாது. அது பெரும்பாலும் இருக்கிற கோப்பை இருக்கிறபடியே தள்ளும். இரண்டு மணி நேரப் படம் எட்டு ஜிபி என்றால் நொடிக்குச் சராசரி ஒன்பது மெகாபிட். அது எந்தக் குறுக்குச் சந்திலும் போய்விடும். அறுபது ஜிபி 4கே படமென்றால் சராசரி அறுபத்தேழு, சண்டைக் காட்சியில் நூறைத் தாண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இரண்டு சுவரைக் கடந்து அதில் பாதி போய்ச் சேர்ந்தாலே அதிகம். பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே சேனலில் கத்திக்கொண்டிருக்கும். அடுப்பங்கரையில் மைக்ரோவேவ் இருந்தால் அதுவும் அதே அலைவரிசைக்காரன். அன்றைய டிவிஎஸ் 50க்கு இன்றைய வாரிசு. ஆனால் புள்ளி தெரியாது, வட்டம்தான்.

வைஃபையை விட்டு ஒயர் போட்ட பிறகும் நின்றால்? இங்கேதான் பலபேர் சர்வரைக் குறை சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். சர்வரின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் படம் அப்படியே போகிறதா, உருமாற்றிப் போகிறதா என்று அதுவே சொல்லும். டிவிக்குப் புரியாத முறையில் படமோ டிடிஎஸ் ஒலியோ இருந்தால் சர்வர் போகிற போக்கிலேயே அதை மொழிபெயர்த்து அனுப்ப வேண்டும். சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் சித்திரமாக இருந்தால், பல டிவிகளுக்காக ஒவ்வொரு பிரேமிலும் அதை அச்சடித்து, படம் மொத்தத்தையும் புதிதாக நெய்ய வேண்டும். பழைய கம்ப்யூட்டருக்கு அது நொடிக்கு இருபத்துநான்கு தடவை கோலம் அழித்துக் கோலம் போடுகிற வேலை. சப்டைட்டிலை அணைத்ததும் படம் ஓடினால் வைஃபையைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கலாம்.

இத்தனையும் "தெரியுதா?" முறைதான். ஒன்றை மாற்று, கேள், பதிலைப் பார். நெட்வொர்க்காரர்கள் இந்தக் கேள்விக்கு வைத்த பெயர் பிங். அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ், 1983 டிசம்பரில் ஒரு நெட்வொர்க் கோளாறைத் துரத்தும்போது ஒரே ராத்திரியில் எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பல் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் சத்தம்தான் பெயர். "இருக்கியா?" என்று ஒரு பொட்டலம் போகும், "இருக்கேன்" என்று திரும்பும், எத்தனை மில்லிநொடி ஆனது என்று கணக்கு. மூஸ் பதிந்து வைத்திருக்கும் ஒரு கதை உண்டு. விட்டு விட்டுக் கோளாறு செய்யும் ஒயரைக் கண்டுபிடிக்க வேண்டிய ஒருவர், ஒவ்வொரு பதிலுக்கும் ஒலிபெருக்கியில் "பிங்" என்று சொல்ல வைத்துவிட்டு, கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பார்த்தாராம். எதை ஆட்டும்போது சத்தம் நின்றதோ அதுதான் குற்றவாளி. அந்தச் சத்தத்தின் வேலையைத்தான் இங்கே முற்றத்துச் சிறுவன் செய்துகொண்டிருந்தான்.

நம் பெரியவர் வீட்டில் குற்றவாளி ஒயரின் முனையில் இருக்கிறது. ஈதர்நெட் ஒயருக்குள் எட்டு இழை. நூறு மெகாபிட் வேகத்துக்கு நான்கு இழை போதும், ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். ஏழாவது இழை கிளிப்பில் சரியாகப் பதியாமல் போனால் இணைப்பு அறுந்துபோவதில்லை. இரண்டு முனைகளும் தங்களுக்குள் பேசி, சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிச் சமாதானமாகிவிடும். எட்டு ஜிபி படம் ஓடும், 4கே நிற்கும். வீட்டார் குழம்புவார்கள். போதாததற்கு, இன்றும் பல டிவிகளின் ஈதர்நெட் துளையே நூறுக்கு மேல் போகாதது. பளபளப்பாகத் திரை செய்தவர்கள் பொந்தில் மிச்சம் பிடித்துவிட்டார்கள். இந்த வீட்டில் நல்லவேளையாக ஆயிரம் தாங்கும் சிறு பெட்டி ஒன்று டிவிக்குப் பின்னால் இருக்கிறது.

மகன் வீடியோ காலில் இருக்கிறான். ரவுட்டரும் சுவிட்சும் இருக்கும் அலமாரியில் செல்போன் டார்ச்சை அடித்தபடி பெரியவர் குனிந்து நிற்கிறார். பழைய கிளிப்பை வெட்டியாயிற்று. ஆரஞ்சுவெள்ளை, ஆரஞ்சு, பச்சைவெள்ளை, நீலம், நீலவெள்ளை, பச்சை, பழுப்புவெள்ளை, பழுப்பு. மகன் சொல்லச் சொல்ல இழைகளைக் கட்டைவிரலால் நீவி வரிசைப்படுத்தி, நுனியைச் சமமாகக் கத்தரித்து, புதுக் கிளிப்பில் ஆழமாகத் தள்ளி, கிரிம்பிங் இடுக்கியால் அமுக்குகிறார். பூத்தொடுத்துப் பழகிய கையாக இருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று அம்மா பின்னாலிருந்து சொல்கிறாள். ஒயரைச் சொருகுகிறார்.

"லைட்டு என்ன கலர்ப்பா எரியுது? ஆரஞ்சா, பச்சையா?"

"இரு... பச்சை."

"அம்மாவப் போயிப் பாக்கச் சொல்லுங்க."

அம்மா பின்பக்கத்து அறைக்குப் போகிறாள். நடுவில், இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி நடையில் பேரன் நிற்கிறான்.

"ஏல, தெரியுதான்னு கேளு."